எட்டுப் பக்கமும் வெளியே

நெடுமாறன் தன் வாழ்க்கையில் அதிகம் சொன்ன சொல் 'சரிங்க' என்பதுதான். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போக ஆரம்பித்த காலத்திலிருந்து அவனுக்கு ஒரு நம்பிக்கை. சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கிற எவரும் மனசு வைத்தால் தன்னை பெர்மனென்ட் ஆக்கிவிட முடியும் என்று நினைத்தான். அதனால் தபால்காரர், கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவர், தைப்பூசத்துக்கு வடலூர் போக வழி கேட்ட வெளியூர் வாத்தியார் என்று எல்லோருக்கும் குனிந்து 'சரிங்க' சொல்லிவைத்தான். யார் எங்கே போய் என்ன பேசுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அவன் வீட்டுக்குக் கூரை இல்லாமல் போனதில் பாதிப் பொறுப்பு 'தானே' என்று பேர் வைத்த புயலுக்கு உண்டு. மீதிப் பொறுப்பு இந்தச் 'சரிங்க'வுக்கு.

அந்தப் புயல் அவன் ஊரான வடக்குத்தில் முந்திரியையும் பலாவையும் படுக்கப் போட்டுவிட்டுப் போனது ஊருக்கே தெரியும். நெடுமாறன் வீட்டில் அது சுவரைத் தொடவில்லை. மேலே இருந்த சிமெண்ட் ஷீட்டை மட்டும் கழற்றிக் கொண்டுபோய் யாருடைய கொல்லையிலோ உடைத்துப் போட்டது. புருஷனும் பெண்டாட்டியும் மச்சான் வைத்திலிங்கம் வீட்டு ஆட்டுக்கொட்டகையில் ஒரு ஓரமாக ஒதுங்கினார்கள். ஆடுகள் பெருந்தன்மையாக நடந்துகொண்டன.

அப்போதுதான் புயல்தாங்கு புறச்சுவர் வாரியம் வந்து சேர்ந்தது.

இந்த வாரியம் எப்போதோ அடித்த வேறொரு புயலுக்காக உண்டாக்கப்பட்டது. அந்தப் புயலில் விழுந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டாலும் வாரியம் போகவில்லை. அதற்கு ஒரே ஒரு வேலை. வீட்டின் வெளிச்சுவரில் இரும்பு வலையை ஆணி வைத்து அடித்து, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். சாந்து வலையின் கண்களுக்குள் புகுந்து பின்பக்கம் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும், எந்தக் காற்றுக்கும் அசையாது என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. பூச்சில் குறை சொல்ல எதுவும் இல்லை. உள்சுவர் வேறு வாரியத்தைச் சேர்ந்தது. கூரை இன்னொரு வாரியத்தைச் சேர்ந்தது. அந்த வாரியத்துக்கு அலுவலகம் கட்டும் வேலை கூரை மட்டத்தில் நின்றுபோயிருப்பதாகக் கேள்வி.

உதவி இயக்குநர் விஜயராஜ் வீட்டைப் பார்க்க வந்த நாளில் மாசி மாதத்துக்குச் சம்பந்தமில்லாமல் தூறிக்கொண்டிருந்தது. அவர் கூடத்தின் நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று நான்கு பக்கமும் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"என்னப்பா, இங்க மழை பெய்யுதா?"

"பெய்யுதுங்க."

"வெயில் அடிக்குமா?"

"அடிக்குதுங்க."

"காத்து?"

"அதுவும் வருதுங்க."

"அப்போ இந்தச் சுவரோட இந்தப் பக்கமும் வெளிப்பக்கம்தான். ஒத்துக்கறியா?"

நெடுமாறன் அவர் பையில் இருந்த பேனாவைப் பார்த்தான். "சரிங்க" என்றான்.

அவன் மனைவி அன்புக்கரசி டவுன்ஷிப்பில் ஆபீஸர் குவார்ட்டர்ஸ் வீடுகளில் வேலை செய்கிறவள். அதிகாரிகளை லுங்கியோடு பார்த்துப் பழகியதால் அவளுக்குப் பேனா பயம் கிடையாது. "அது எப்படிங்க வெளிப்பக்கம் ஆவும்? அங்கதான நாங்க பாய் போட்டுப் படுத்துகினு இருந்தோம்" என்று கேட்டாள்.

"அம்மா, வானம் தெரியற எடத்தை உலகத்துல யாரும் உள்ளேன்னு சொல்லமாட்டாங்க" என்றார் விஜயராஜ். பிறகு நெடுமாறன் தோளில் கை போட்டார். "ஒரு வீடுன்னா எங்களுக்கு நாலு பக்கம்தான் கிடைக்கும். உன் வீட்டுல எட்டுப் பக்கம் கிடைக்குது. இந்த மாதிரி பத்து வீடு மாட்டினா எங்க இலக்கே முடிஞ்சிடும். உன் வீட்டைத்தான் மாதிரி வீடு ஆக்கப்போறோம். சுரங்கத்துல பெரிய எடத்துல எனக்கு ஆள் இருக்கு. நீ இன்னும் கான்ட்ராக்ட்லயா இருக்கே?"

அன்றைக்கு அவன் செகண்ட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டு போனான்.

வலை வந்து சேருவதற்குள் கோடை போய்விட்டது. அதற்குள் இன்னொரு செய்தி வந்தது. வடலூரில் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகள் இசைப்பிரியா முழுகாமல் இருந்தாள். ஐப்பசியில் குழந்தை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குத்தான் வரவேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்த வீட்டுக்கு வருவாள்? அவள் மாமியார் சாமியம்மாள் ஆட்டுக்கொட்டகையை ஒரு தடவை வந்து பார்த்தாள். ஆடுகளையும் பார்த்தாள்.

"சம்மந்தி, நா ஒண்ணும் மாடி வூடு கேக்கல. மேல ஒரு கூரை இருக்கணும். அப்பத்தான் புள்ளைய அனுப்புவேன். ஐப்பசி மழையில பச்ச ஒடம்புக்காரிய எங்க வெச்சுக்குவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் அது நெடுமாறனை அவ்வளவு குத்தியது.

வைத்திலிங்கம் தன் வேறொரு பழைய கொட்டகையைப் பிரித்தபோது கிடைத்த தகர ஷீட்டுகளைத் தங்கைக்காக எடுத்துவைத்திருந்தான். நாலு மரம், ஒரு பகல் வேலை, கூரை ஆகிவிடும். ஷீட்டுகளை வண்டியில் கொண்டுவந்து வேலி ஓரம் சாய்த்தார்கள். மறுநாளே விஜயராஜ் ஓடிவந்தார். அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

"இதை மேல போட்டுடாதே. போட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"மழை வராதுங்க" என்றான் நெடுமாறன்.

"மழையை விடு. கூரை போட்டா இந்த நாலு பக்கமும் உள்பக்கம் ஆயிடும். உள்சுவர்ல கை வைக்க எங்களுக்கு அதிகாரமே கிடையாது. அதிகாரம் இல்லாத சுவருக்கு வலை வாங்கினோம்னு ஆடிட்ல வந்து நிப்பாங்க. எங்க வேலை முடிஞ்சு, இயக்குநர் அம்மா வந்து பார்த்துத் திறந்து வெச்சுட்டா, அப்புறம் நீ மேல அரண்மனையே கட்டிக்கோ."

"எப்போங்க முடியும்?"

"சுண்ணாம்பு அவசரப்படாதுப்பா. நாமும் அவசரப்படக்கூடாது."

"சரிங்க" என்றான் நெடுமாறன்.

அன்புக்கரசி அன்றைக்கு அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். கடைசியில், "அவுரு சரிங்கன்னு சொல்லுன்னாரா, நீயா சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள். அவன் தட்டைக் கழுவ எழுந்து போனான்.

வேலை தொடங்கியது. இரும்பு வலை வீட்டைச் சுற்றிலும் வெளியேயும் உள்ளேயும் அடிக்கப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய கோழிக்கூண்டு போல இருந்தது. புயலில் ஜன்னல் சட்டம் பிய்ந்து போயிருந்ததால், அது ஜன்னலா ஓட்டையா என்ற கேள்வி எழுந்தது. சட்டம் இல்லாதது ஓட்டை, ஓட்டை என்பது சேதம், சேதத்தை மூடத்தான் வாரியமே இருக்கிறது என்று முடிவாகி, வலை அதன்மேலும் நீளமாகப் போனது. வாசல் தப்பித்தது. கதவு இருந்ததால் மட்டுமே அது தப்பித்தது.

கொத்தனார் பன்னீர்செல்வம் முதல் பூச்சைக் கரண்டியால் அழுத்தி, அது இறுகும்முன் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டான். அடுத்த பூச்சு பிடிக்க அந்தக் கீறல் வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அய்யாசாமி என்று ஒரு ஆளை வாரியமே நியமித்தது. காலையிலும் மாலையிலும் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அவர் சாக்கை நனைத்தார்.

ஆவணியில் ஒரு நாள் நல்ல மழை. அய்யாசாமி கொட்டுகிற மழையில் நின்று வாளித் தண்ணீரை மொண்டு சுவரில் ஊற்றிக்கொண்டிருந்தார். நெடுமாறன் பதறிப்போய், "அண்ணே, அதான் மேல இருந்தே ஊத்துதே. வாங்க இப்படி" என்று கூப்பிட்டான்.

"நானும் கேட்டம்பா. மழைத் தண்ணி வாரியத்துத் தண்ணி இல்லியாம். அது கணக்குல சேராதாம்" என்றார் அய்யாசாமி. அவருக்கு அன்றிரவே காய்ச்சல் வந்தது. அடுத்த நாள் வேறு ஒருவர் வாளியோடு வந்து நின்றார்.

மகளுக்கு வளைகாப்பு வடலூரிலேயே நடந்தது. சாமியம்மாள் வளையல் போட்டு, கலந்த சாதம் கட்டி, எல்லாம் முறையாகச் செய்தாள். வளைகாப்பு முடிந்ததும் மகளை அழைத்துப்போக வேண்டிய அப்பன், பந்தலுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இசைப்பிரியா அவனைத் தேடி வந்தாள். "எப்பப்பா கூட்டிகினு போவே?" என்று கேட்டாள். "இதோ, காயறதுக்குள்ளம்மா" என்று சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே விளங்காமல் கிளம்பி வந்தான். பஸ்ஸில் வரும்போது அவனுக்கு அழுகை வந்தது. யாராவது பார்த்தால் தூசி விழுந்தது என்று சொல்லிக்கொள்ள வசதியாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த நாள் அவன் வாரிய அலுவலகத்துக்கே போனான். அது கல்யாண மண்டபம் ஒன்றின் மாடியில் இருந்தது. கீழே யாருக்கோ நிச்சயதார்த்தம். மேலே விஜயராஜ் ஓர் உதவியாளரோடு எட்டுப் பக்கங்களையும் எந்த வரிசையில் எண்ணுவது என்று பேசிக்கொண்டிருந்தார்.

"ஐயா, பொண்ணு மாசமா இருக்குதுங்க. கூடத்துல ஒரு மூலைக்கு மட்டும் ஷீட்டு போட்டுக்கறங்க."

விஜயராஜ் அனுதாபமாகத்தான் பார்த்தார். அவருக்கும் பெண் இருந்தாள். "ஒரு மூலைக்கு மட்டும் போட்டா பாதிச் சுவர் உள்ளே, பாதிச் சுவர் வெளியேன்னு ஆயிடும். கோடு எங்க போடறதுன்னு நாங்க ஒரு கமிட்டி வைக்கணும். கமிட்டி வெச்சா பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போயிடும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெர்மனென்ட் விஷயமா பேசிட்டு இருக்கேன். இந்த நேரத்துல கெடுத்துக்காதே."

நெடுமாறன் சொன்னதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். படியிறங்கி வந்தபோது நிச்சயதார்த்தக்காரர்கள் அவனையும் உறவு என்று நினைத்து உட்காரவைத்து இலை போட்டார்கள். அதற்கும் அவன் சரிங்க என்று சொல்லி, சாப்பிடப் பிடிக்காமல் எழுந்து வந்தான்.

புரட்டாசியில் மூன்றாவது பூச்சும் முடிந்தது. மட்டப்பலகையால் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். உண்மையைச் சொல்வதென்றால் அப்படி ஒரு சுவர் வடக்குத்தில் யார் வீட்டிலும் இல்லை. வெயில் பட்டால் கண் கூசியது. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து முன்பக்கமாக நின்று படம் எடுத்துப்போனார். 'எந்தப் புயலுக்கும் அசையாத மாதிரி வீடு' என்று மறுநாள் படத்தோடு செய்தி வந்தது. வாசலில் நெடுமாறன் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். சுவரின் விளிம்புக்கு மேலே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது வானம் என்று படத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

வடலூர் டீக்கடையில் அந்தப் பேப்பரை இசைப்பிரியாவின் புருஷன் பார்த்தான். வீட்டுக்கு எடுத்துவந்து அம்மாவிடம் காட்டினான். சாமியம்மாளுக்கு மனசு இளகிவிட்டது. "பாவம், என்னா மாதிரி கட்டிட்டாரு சம்மந்தி. நாம ஒரு வார்த்த சொன்னதுக்கு இப்படி ரோஷமா கட்டியிருக்காரே" என்றாள். சொல்லாமல் போய் சந்தோஷப்படுத்தலாம் என்று நல்ல நாள் பார்த்தாள்.

ஐப்பசி பிறந்து ஒரு காலை நேரம், வாடகை வேன் ஒன்று வடக்குத்துக்கு வந்து நின்றது. அந்த வெள்ளைச் சுவர் தூரத்திலேயே கண்ணில் பட்டது. இசைப்பிரியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் சாமியம்மாள் பையும் தூக்குவாளியுமாக இறங்கினாள். செய்தி கேட்டு ஆட்டுக்கொட்டகையிலிருந்து அன்புக்கரசியும் நெடுமாறனும் ஓடி வருவதற்குள் மகள் கதவைத் தள்ளிவிட்டாள்.

அவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேகம் கறுத்துத் திரண்டு நின்றது. ஒரு காக்கை கூடத்தைத் தாண்டிப் பறந்தது.

"யப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாமியம்மாள் கையில் இருந்த பையைக் கீழே வைக்காமல் நின்றாள். தாய்வீட்டு வாசல் மிதித்த பிள்ளைத்தாய்ச்சியைத் திருப்பி அழைத்துப்போனால் நல்லதில்லை என்று அவளுக்கு ஒரு பயம். விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. முதல் தூறல் விழுந்தது. மகள் சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், தன் வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு.

நெடுமாறன் வேலிப் பக்கம் போனான். ஒரு ஷீட்டைத் தலையில் தூக்கினான். அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அன்புக்கரசி ஓடிப்போய் அண்ணனைக் கூப்பிட்டு வந்தாள். வைத்திலிங்கமும் அவனும் புதுச் சுவரின் மேல் மரத்தைப் போட்டு, தகரத்தை வைத்து, ஆணி அடித்து, மேலே கல்லைத் தூக்கி வைத்தார்கள். கீழே இருந்து சாமியம்மாளே ஆணி எடுத்துக் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் கூரை ஆகிவிட்டது. மகளைப் பாயில் படுக்கவைத்தார்கள். மழை தகரத்தில் கொட்டிய சத்தத்தில் அவள் அப்படியே தூங்கிப்போனாள்.

மறுநாள்தான் திறப்பு விழா என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

இயக்குநர் காந்திமதி அம்மையார் இரண்டு ஜீப்புகளோடு வந்து இறங்கினார். மழை விடவில்லை. வெளியே ஷாமியானா ஒழுகியதால் எல்லோரும் வீட்டுக்குள் வந்தார்கள். சுவரைத் தடவிப் பார்த்து அம்மையார் மகிழ்ந்தார். தலையைத் துடைத்துக்கொண்டு, உள்ளேயே நின்று சில வார்த்தைகள் பேசினார். பாயில் படுத்திருந்த இசைப்பிரியா எழுந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

"புயல் பக்கவாட்டில்தான் வருகிறது. மேலிருந்து வருவது மழை. மழை நம் வாரியத்தைச் சேர்ந்தது அல்ல. இந்தத் தெளிவு இருப்பதால்தான் நாம் இத்தனை ஆண்டுகளாக நிற்கிறோம். எத்தனையோ வீடுகள் விழுந்திருக்கலாம். வாரியம் விழவில்லை. மக்கள் நம்மிடம் வீடு கேட்கிறார்கள். நாம் அவர்களுக்குச் சுவர் கொடுக்கிறோம். வீட்டைவிடச் சுவர் பெரியது. ஏனென்றால் சுவரை எண்ண முடியும்."

கைதட்டினார்கள். அப்போதுதான் அம்மையாருக்குத் தன்மேல் மழை விழவில்லை என்பது உறைத்தது. மேலே பார்த்தார். விஜயராஜும் பார்த்தார்.

"இது என்ன?"

"நேத்து இது இல்லை மேடம்."

"இது இருந்தால் நாலு பக்கம் போய்விடுமே. உடனே கழற்றச் சொல்லுங்கள். விழா முடிந்து, அறிக்கை போய், ஒப்புதல் வந்த பிறகு மாட்டிக்கொள்ளட்டும்."

விஜயராஜ் நெடுமாறனிடம் வந்தார். "எடுத்துடுப்பா. கொஞ்ச காலம்தான். உன் விஷயம் நல்லபடியா வந்திருக்கிற நேரம்."

"சரிங்க" என்றான் நெடுமாறன். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. அன்புக்கரசி கண்ணை மூடிக்கொண்டாள். இசைப்பிரியா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். அவன் தகரத்தைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், கால் நகரவில்லை.

"ஒண்ணு கேக்கணுங்க. இப்போ இங்க மழை பெய்யுதுங்களா?"

"இல்லை" என்றார் விஜயராஜ்.

"வெயில் அடிக்குமுங்களா?"

"அடிக்காது."

"அப்போ நீங்க நிக்கறது உள்ளங்களா, வெளியங்களா?"

"உள்ளேதான். அதுதானே பிரச்சினையே" என்றார் அம்மையார்.

"உள்ள உங்களுக்கு அதிகாரம் இருக்குதுங்களா?"

அம்மையார் விஜயராஜைப் பார்த்தார். விஜயராஜ் தரையைப் பார்த்தார். சட்டம் என்று வந்துவிட்டால் அம்மையார் பொய் சொல்கிறவர் அல்ல.

"இல்லை" என்றார்.

"அப்போ வெளிய போயிடுங்க."

அவர்கள் போனார்கள். அதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் இயக்குநர், பிறகு உதவி இயக்குநர், பிறகு மற்றவர்கள் என்று வரிசையாக மழைக்குள் இறங்கினார்கள். விஜயராஜ் மட்டும் வாசலில் திரும்பி, "எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டியே. இனிமே அந்தப் பேச்சை எடுக்காதே" என்று மெதுவாகச் சொன்னார். அதில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. அவருக்கும் நாலு பக்கம் நஷ்டம்.

நெடுமாறன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். ஜன்னல் இல்லாத கூடம் இருட்டாகிவிட்டது. அவன் சுவரில் சாய்ந்தான். இன்னும் ஈரம் போகாத சுண்ணாம்பு சட்டையின் முதுகில் ஒட்டியது. வெளியே மழையில் நின்றபடியே யாரோ ரிப்பன் வெட்டி, யாரோ கை தட்டுவது கேட்டது.

"யப்பா, ஒன் வேலைக்கு எதுனா ஆயிடுமா?" என்று இருட்டிலிருந்து மகள் கேட்டாள்.

"ஆனா ஆவட்டும்மா. நீ கால நீட்டிப் படு."

அவள் படுத்துக்கொண்டாள். அன்புக்கரசி விளக்கைத் தேடி எழுந்தாள். ரொம்ப மாதங்களுக்குப் பிறகு நெடுமாறன் தன் வீட்டுக்கு உள்ளே இருந்தான். பயமாகத்தான் இருந்தது.